கொக்கோடா தடம்

கொக்கோடா தடம் என்பது பப்புவா நியூ கினியில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரின் குறுக்கே செல்லும் ஒற்றையடிப் பாதை. நீளம் ஏறத்தாழ 96 கி.மீ. தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், வண்டிச்சாலை முடியும் ஓவர்ஸ் முனை இதன் தெற்கு எல்லை. ஓரோ மாகாணத்திலுள்ள கொக்கோடா சிற்றூர் வடக்கு எல்லை. 1942 ஜூலை முதல் நவம்பர் வரை ஜப்பானியப் படைக்கும் ஆஸ்திரேலியப் படைக்கும் நடந்த மலைக்காட்டுப் போரால் இப்பாதை உலகறிந்தது. 2000க்குப் பின் ஆஸ்திரேலிய இளைஞர்கள் குழுக்களாக நடந்து செல்லும் நினைவுவழியாகவும் ஆனது. அஞ்சல், அரிசி, தோட்டா, காயம்பட்ட உடல், பயணியின் தோள்பை எனச் சுமை காலத்துக்குக் காலம் மாறினாலும், அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதும் உள்ளூர் மக்களே.

நிலமும் மக்களும்

தடத்தின் பெரும்பகுதி மலைக் கோயாரி மக்களின் நிலத்திலும், வடமுனை ஒரோகைவா மக்களின் நிலத்திலும் அமைந்துள்ளது. ஓவர்ஸ் முனையில் தொடங்குபவர் கோல்டி ஆற்றுக்கு இறங்கி, இமிட்டா, இயோரிபைவா முகடுகளைக் கடந்து, நவுரோ, மெனாரி, எஃபோகி ஊர்கள் வழியே மேலேறுவார். பெல்லமி மலையருகே பாதை ஏறத்தாழ 2,190 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து இயோரா ஓடைப் பள்ளத்தாக்கு, அலோலா, இசுராவா ஊர்களைக் கடந்து, சுமார் 400 மீட்டர் உயரமுள்ள கொக்கோடா சமவெளிக்கு இறங்கவேண்டும்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு இப்பாதையின் கடுமையைக் காட்டாது. ஒரு முகட்டில் ஏறியதும் மறுபக்கம் ஆற்றுக்கே இறங்க நேரும். அடுத்த முகட்டுக்கு மீண்டும் அடியிலிருந்து ஏறவேண்டும். பகலில் புழுக்கம், பிற்பகலில் மழை, மலைமேல் இரவில் கடுங்குளிர். மழைக்குப் பின் களிமண்ணில் கால் ஊன்றாது. ஆறுகளின் குறுக்கே போட்ட மரத்தடிகளை வெள்ளம் அடித்துச் செல்லும். தாழ்வான பகுதிகளில் மலேரியா உண்டு.

வழியிலுள்ள கோயாரி ஊர்களில் பெரும்பாலானவை ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த அச்சபையின் வழக்கப்படி, சனிக்கிழமை ஓய்வு நாள். பன்றி இறைச்சி உண்பதில்லை.

போருக்கு முன்

ஊர்களை இணைத்த கோயாரிப் பாதைகள் ஐரோப்பியர் வருமுன்பே இருந்தவை. 1890களில் வடபுறத்து யோட்டா பள்ளத்தாக்கில் தங்கம் கிடைத்தபின், தங்கம் தேடுவோரும் அரசு அலுவலர்களும் இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1904இல் கொக்கோடாவில் அரசு நிலையம் நிறுவப்பட்டது. போர்ட் மோர்ஸ்பிக்கும் கொக்கோடாவுக்கும் இடையே உள்ளூர்க் காவலர்கள் அஞ்சல் பைகளுடன் நடந்தனர். 1906 முதல் பப்புவா ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்தது. பின்னர்க் கொக்கோடாவில் ரப்பர்த் தோட்டமும் சிறு விமானத் தளமும் அமைந்தன. போரில் இரு தரப்பும் குறிவைத்தது அந்த விமானத் தளத்தைத்தான்.

1942 போர்

1942 மே மாதப் பவளக் கடல் போர் காரணமாக, போர்ட் மோர்ஸ்பியைக் கடல்வழியே பிடிக்கும் ஜப்பானின் திட்டம் தடைப்பட்டது. எனவே மலையைக் கடந்து தாக்கத் தளபதி டொமிட்டாரோ ஹோரியின் தென்கடல் படைப்பிரிவு, ஜூலை 21 இரவு வடகடற்கரையில் புனா, கோனா பகுதியில் இறங்கியது. ஜூலை 23 அன்று அவாலாவில் பப்புவா காலாட்படையினர் அதை எதிர்த்தனர். பப்புவா நியூ கினி அந்த நாளையே போர் நினைவு நாளாக அனுசரிக்கிறது.

ஆஸ்திரேலியத் தரப்பில் முதலில் நின்றது 39ஆவது பட்டாலியன். உள்நாட்டுப் பாதுகாப்புக்கெனச் சேர்க்கப்பட்ட இப்படையில் 18, 19 வயதினர் பலர். போதிய பயிற்சியில்லாத இவர்களை, வெளிநாட்டில் போரிடத் தாமாக முன்வந்து சேர்ந்த படையினர் ‘சாக்லேட் சிப்பாய்கள்’ என்று கேலி செய்ததுண்டு. ஜூலை 29 அதிகாலை கொக்கோடா வீழ்ந்தது. பட்டாலியன் தலைவர் வில்லியம் ஓவன் உயிரிழந்தார். ஆகஸ்ட் 26 முதல் 31 வரை நடந்த இசுராவா சண்டையில், ரால்ஃப் ஹானர் தலைமையில் களைத்திருந்த 39ஆவது பட்டாலியனுக்குத் துணையாக, ஆர்னால்ட் பாட்ஸின் 21ஆவது பிரிகேட் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 29 அன்று அங்கு வீழ்ந்த புரூஸ் கிங்ஸ்பரிக்கு இறப்புக்குப் பின் விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஆஸ்திரேலியர் தாமதப்படுத்தியபடியே பின்வாங்கினர். செப்டம்பர் இரண்டாம் வாரம் எஃபோகிக்குத் தெற்கே பிரிகேட் குன்றில் பெருந்தோல்வி கண்டனர். மாத நடுவில் ஜப்பானியர் இயோரிபைவா முகட்டை அடைந்தனர். அதற்கு அப்பால் அவர்களால் நகர முடியவில்லை. அரிசி தீர்ந்திருந்தது. குவாடல்கனால் தீவில் அமெரிக்கருடன் நடந்த போருக்கு முன்னுரிமை தந்த தலைமையகம், பின்வாங்க ஆணையிட்டது. திரும்பும் வழியில் இயோரா ஓடையில் கடும் சண்டை நடந்தது. நவம்பர் 2 அன்று ஆஸ்திரேலியர் கொக்கோடாவை மீட்டு, மறுநாள் கொடியேற்றினர். அம்மாதமே ஓய்வி–கொராரியில் ஜப்பானியர் தோற்றனர். குமுசி ஆற்றின் வழியே தப்ப முயன்ற ஹோரி நீரில் மூழ்கி இறந்தார். புனா, கோனா கடற்கரைப் போர் 1943 ஜனவரியில் முடிந்தது.

தடத்தில் இறந்த ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 625 பேர். காயமடைந்தோர் 1,000க்கும் மேல். நோயுற்றோர் அதைப்போல் பல மடங்கு: மலேரியாவும் சீதபேதியும் தோட்டாக்களைவிட அதிகமானோரைக் களத்திலிருந்து அகற்றின. இறந்தவர்கள் பலர் போர்ட் மோர்ஸ்பி அருகே பொமானா போர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

சுமைதூக்கிகள்

இப்போரின் போக்கை முடிவு செய்தது உணவு வழங்கல். சாலையில்லாத மலையில் ஒவ்வொரு தகர டப்பாவும் மனித முதுகில்தான் ஏறவேண்டும். உணவு சுமக்கும் ஒருவர் தன் சுமையைத் தானே 13 நாட்களில் தின்று தீர்த்துவிடுவார் என்பது அக்காலக் கணக்கு. படை முன்னேற முன்னேற, சுமப்பவரின் சாப்பாட்டுக்கே மேலும் சுமப்பவர்கள் தேவைப்பட்டனர். தடத்தைச் சாலையாக்கலாம் என்று தொலைவிலிருந்த அதிகாரிகள் எண்ணியதுண்டு. களத்தைப் பார்த்தவர்களுக்கு அது நடவாது என்பது தெரிந்தது. பப்புவாவில் ரப்பர்த் தோட்டம் நடத்திய பெர்ட் கீன்ஸ்லி சுமைதூக்கிகளை ஒருங்கிணைத்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் மியோலாவின் வறண்ட ஏரிப்படுகையைக் கண்டறிந்து, விமானத்திலிருந்து பொருள் வீச வழிசெய்தவரும் அவரே. பாராசூட் இல்லாமல் வீசப்பட்ட மூட்டைகளில் ஒரு பகுதி சிதறியது, ஒரு பகுதி காட்டில் காணாமற்போனது.

மேலே அரிசியும் தோட்டாவும் கொண்டுபோனவர்கள் திரும்பும்போது காயம்பட்டோரைத் தூக்கி வந்தனர். இரு கழிகளில் போர்வையைக் கட்டிய ஒரு தூக்குப்படுக்கைக்கு எட்டுப் பேர் தேவை. மழையில் நோயாளிமேல் இலைக்கூரை அமைத்து, இரவில் அருகிலேயே விழித்திருந்து, பல நாள் நடந்து இறக்கினர். நன்றியால் ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் இவர்களுக்கு ‘ஃபஸி வஸி ஏஞ்சல்ஸ்’ என்று பெயர் சூட்டினர். சுருள்முடியைக் குறிக்கும் செல்லப்பெயர் அது. 1942 கிறிஸ்துமஸ் நாளில் புனா அருகே, கண்கட்டுப் போட்ட சிப்பாயைக் கைத்தாங்கலாக நடத்திச்செல்லும் ரஃபேல் ஒயிம்பாரியைப் புகைப்படக்காரர் ஜார்ஜ் சில்க் எடுத்த படம் இவர்களின் அடையாளமாயிற்று. டேமியன் பேரர் படம்பிடித்த ‘கொக்கோடா ஃப்ரன்ட் லைன்!’ செய்திப்படம் ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது.

அந்தச் செல்லப்பெயர் சொல்லாததும் ஒன்றுண்டு. 1942 ஜூன் 15 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, உள்ளூர் ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு எடுக்க ராணுவத்துக்கு அதிகாரம் அளித்தது. பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர். ஊரில் ஆண்கள் இல்லாததால் தோட்டங்கள் பாழாயின, குடும்பங்கள் பட்டினி கிடந்தன. சுமைதூக்கிகளுக்கு மருத்துவம் பார்த்த மூத்த மருத்துவர் ஜெஃப்ரி வெர்னான், அவர்களின் அளவுமீறிய சுமை, குறைந்த உணவு, குளிருக்குப் போர்வையின்மை ஆகியவற்றை அறிக்கைகளில் பதிவு செய்தார். ஜப்பானியரும் தம் வழியில் ஆட்களைப் பிடித்துச் சுமக்க வைத்தனர். உயிரோடிருந்த சில சுமைதூக்கிகளுக்கு ஆஸ்திரேலிய அரசு நினைவுப் பதக்கம் வழங்கியது 2009இல்தான்.

மறதியும் மீட்பும்

போர் முடிந்தபின் தடம் பெரும்பாலும் உள்ளூர் மக்களின் பாதையாகவே இருந்தது. 1975 செப்டம்பர் 16 அன்று பப்புவா நியூ கினி விடுதலை பெற்றது. ஆஸ்திரேலியாவின் போர் நினைவில் முதலிடம் 1915இன் கலிப்போலிப் போருக்கே இருந்தது. 1992 ஏப்ரலில் கொக்கோடாவில் பிரதமர் பால் கீட்டிங் மண்டியிட்டு மண்ணை முத்தமிட்டது திருப்புமுனை. பேரரசுக்காக நடந்த தொலைதூரப் போரைவிட, தன் நாட்டுக்காக நடந்த அண்மைப் போர் நினைவில் மேலோங்க வேண்டும் என்பது அவர் வாதம். 2002 ஆகஸ்ட் 14 அன்று இசுராவா நினைவிடத்தை இரு நாட்டுப் பிரதமர்கள் ஜான் ஹோவர்டும் மைக்கேல் சோமாரேயும் திறந்தனர். அங்கு நிற்கும் நான்கு கருங்கல் தூண்களில் துணிவு, தாங்குதிறன், தோழமை, தியாகம் என்ற பொருள்தரும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஜப்பானியத் தரப்பின் நினைவும் இம்மலையில் உண்டு. பிரிகேட் குன்றில் தன் பிளாட்டூனில் தான் மட்டும் உயிர்பிழைத்த கொகிச்சி நிஷிமுரா, 1979இல் திரும்பி வந்து, சுமார் 25 ஆண்டுகள் தோழர்களின் எலும்புகளைத் தேடி எடுத்தார்.

இளைஞர் நடைப்பயணங்கள்

2001இல் தடத்தை முழுதும் நடந்த பயணிகள் நூற்றுக்கும் குறைவு; 2008இல் 5,000க்கும் மேல். இந்த வளர்ச்சியில் இளைஞர் திட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. பள்ளிகளும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் சமூக மன்றங்களும் 16, 17 வயதினரைத் தேர்ந்து அனுப்புகின்றன. குவின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்டிலிருந்து நடத்தப்படும் கொக்கோடா சேலஞ்ச் இவற்றில் பெயர்பெற்றது. அது ஆஸ்திரேலிய மலைக்காட்டிலேயே நடத்தும் குழு நடைப்போட்டியில் 96 கி.மீ. தூரத்தை 39 மணி நேரத்தில் முடிக்கவேண்டும். முதல் எண் தடத்தின் நீளம், இரண்டாம் எண் பட்டாலியனின் பெயர். அதில் திரளும் நன்கொடை, பல மாதப் பயிற்சிக்குப் பின் பதின்வயதினரைப் பப்புவா நியூ கினிக்கு அனுப்ப உதவுகிறது.

சமூகப் பிணக்கைத் தீர்க்கவும் இந்நடை பயன்பட்டது. 2005 டிசம்பரில் சிட்னியின் குரொனுல்லா கடற்கரையில் இனக்கலவரம் மூண்டது. சில ஆண்டுகளுக்குப் பின் எதிரெதிர்க் கட்சி எம்.பி.க்களான ஜேசன் கிளேரும் ஸ்காட் மோரிசனும், சிட்னியின் பாங்க்ஸ்டவுன், குரொனுல்லா பகுதி இளைஞர்களை ஒரே குழுவாகக் கொக்கோடாவில் நடத்திச் சென்றனர்.

முழுத் தடத்தையும் கடக்கப் பயணிகளுக்குப் பொதுவாக எட்டு முதல் பத்து நாள் ஆகும். உள்ளூர் ஓட்டக்காரர்கள் 17 மணி நேரத்துக்குள் ஓடி முடித்ததுண்டு. இளைஞர் குழுக்கள் சண்டை நடந்த இடங்களில் நின்று நிகழ்வுகளைக் கேட்கின்றன; ஏப்ரல் 25 ஆன்சாக் போர் நினைவு நாளில் இசுராவாவில் விடியற்கால அஞ்சலி செலுத்துகின்றன; ஊர்ப் பள்ளிகளுக்குப் புத்தகமும் விளையாட்டுப் பொருளும் தருகின்றன. கூட வரும் உள்ளூர் இளைஞர்கள் கூடாரமும் உணவும் சுமந்து, ஆற்றைக் கடக்கக் கைகொடுக்கிறார்கள். அவர்களில் பலர் போர்க்காலச் சுமைதூக்கிகளின் பேரர்கள்.

இப்பயணங்களில் சொல்லப்படும் கதை ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரியது. கொக்கோடாவில் நின்றவர்கள் ஆஸ்திரேலியாவைப் படையெடுப்பிலிருந்து காத்தனர் என்பது பரவலான கூற்று. ஆஸ்திரேலிய நிலப்பரப்பைப் பிடிக்கும் யோசனையை ஜப்பானியத் தலைமை 1942 தொடக்கத்திலேயே கைவிட்டது என்பதையும், போர்ட் மோர்ஸ்பியைப் பிடித்து அந்நாட்டைத் துண்டிப்பதே அதன் நோக்கம் என்பதையும் பீட்டர் ஸ்டான்லி போன்ற வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

நிர்வாகமும் சிக்கல்களும்

2003இல் கொக்கோடா தட ஆணையம் அமைக்கப்பட்டது. நடக்க அனுமதியும் கட்டணமும் கட்டாயம். அத்தொகையில் ஒரு பங்கு ஊர்களுக்குச் சேரவேண்டும். அது முறையாக வரவில்லை என்று நில உரிமையாளர்கள் பலமுறை தடத்தை மூடியுள்ளனர். பப்புவா நியூ கினியின் பெரும்பான்மை நிலம் மரபுக் குலங்களுக்கு உரியது என்பதால், அவர்கள் இசைவின்றிப் பாதை திறக்காது. சுமைதூக்கிகளின் கூலி, எடை வரம்பு, படுக்கை வசதி ஆகியவையும் தொடர்ந்து எழும் கேள்விகள்.

தென்பகுதியில் செம்பு, தங்கச் சுரங்கம் தோண்டும் திட்டத்துக்குச் சில நில உரிமையாளர்கள் ஆதரவளித்தபோதிலும், 2008இல் அரசு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தடத்தையும் பிரவுன் ஆற்றுப்படுகையையும் காக்க, அதே ஆண்டு இரு நாடுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. சாலை, மருத்துவ நிலையம், பள்ளி ஆகியவற்றுக்கான உதவி இதன்வழி வருகிறது. தடமும் மலைத்தொடரும் 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் உள்ளன.

2009 துயரமான ஆண்டு. நடையின்போது ஆஸ்திரேலியப் பயணிகள் நால்வர் இறந்தனர். ஆகஸ்ட் 11 அன்று போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கொக்கோடாவுக்குச் சென்ற சிறு விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 13 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் 9 பேர் ஆஸ்திரேலியர். அதன்பின் உடற்தகுதிச் சோதனை, தொலைத்தொடர்புக் கருவி, நடத்துநர் உரிமம் ஆகியவற்றில் கண்டிப்பு கூடியது. கொரோனா பெருந்தொற்றால் 2020இல் தடம் மூடப்பட்டபோது, கூலியையும் விருந்தினர் இல்ல வருமானத்தையும் நம்பிய ஊர்கள் அவற்றை இழந்தன.

அண்மை ஆண்டுகளில் பப்புவா நியூ கினியின் தேசிய அருங்காட்சியகம், போரைக் கண்டவர்களின், அவர்களது வாரிசுகளின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டி வருகிறது. தொண்டராக வந்தவர், பிடித்துச் செல்லப்பட்டவர், காட்டில் ஒளிந்தவர், ஜப்பானியருக்குச் சுமந்தவர் என அனைவரின் குரலும் அதில் உண்டு. எனவே தூண்களில் பொறித்த நான்கு சொற்களோடு, கட்டாய வேலையையும் பட்டினியையும் சேர்த்தே இனி இத்தடத்தின் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.