பேதி உப்பு செய்த வேலை

உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிற ஊர் புதுமடம். அங்கே ஒரு கர்ப்பிணிக்கு நடுராத்திரியில் வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022-ல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனால், வண்டி அங்கே போய்ச் சேரும்வரை?

அதற்கு ஓர் ஊசி உண்டு. மெக்னீசியம் சல்பேட். வயிற்றைச் சுத்தம் பண்ண நம் பாட்டிமார் கரைத்துக் கொடுத்தார்களே, அதே பேதி உப்புதான்!

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் 160/110-ஐத் தொட்டால் ஆபத்து. தலை பிளக்கும், கண் மங்கும், அப்புறம் வலிப்பு. ஊரில் ஜன்னி என்பார்கள். காத்து, கருப்பு என்று வேப்பிலை தேடியவர்களும் உண்டு. டாக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? ரஷ்யாவின் ஸ்ட்ரோகனாஃப் இருட்டறையில் படுக்கவைத்து மார்ஃபின் கொடுத்தார். 1906-ல் ஜெர்மனியில் பேதி உப்பை முயன்று பார்த்தார்கள். 1920-களில் அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் நம்பவில்லை. நம் சென்னையில் கிருஷ்ண மேனன் மூன்று தூக்க மருந்துகளைக் கலந்து கொடுத்து, 1961-ல் அதைப் பற்றி எழுதினார். இந்திய ஆஸ்பத்திரிகளில் ரொம்ப காலம் அந்தக் கலவைதான் ராஜா.

எது சரி? 1995-ல்தான் விடை வந்தது. இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களிடம் சோதித்தார்கள். மறுபடி வலிப்பு வருவது, டயஸெபாம் ஊசியைவிட உப்பில் 52 சதவிகிதமும், ஃபெனிடாயினைவிட 67 சதவிகிதமும் குறைவு. ஏறக்குறைய தொண்ணூறு வருஷ வழக்குக்குத் தீர்ப்பு! காமர்ஸ் படித்த எனக்கு ஒரு சந்தேகம்: லாபமில்லாத சரக்கு என்பதால்தான் யாரும் அவசரப்படவில்லையோ?

உப்புதானே என்று அலட்சியம் கூடாது. அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். அதனால்தான் நர்ஸ் சின்ன சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். கால் துள்ளவில்லையா, அடுத்த ஊசி கிடையாது. மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும்.

உப்பு வலிப்பைத்தான் தடுக்கும். அழுத்தத்துக்கு வேறு மருந்து. அதையும் சடாரென இறக்கினால் குழந்தைக்கு ரத்தம் போகாது. நோய் தீர வழி ஒன்றே ஒன்று, பிரசவம். ஏழாம் மாதமென்றால்? பிள்ளைக்கு இன்னும் நாலு நாள் வேண்டும், தாய்க்கு நாலு மணி நேரம்கூட இல்லை. இந்தக் கணக்கில் டாக்டருக்கும் வியர்க்கும்.

புதுமடத்துப் பெண்ணுக்கு, வண்டி ஏற்றுவதற்கு முன்பே முதல் ஊசியை நர்ஸே போடலாம் என்கிறது அரசு வழிகாட்டுதல். பிள்ளை பிறந்து, சொந்தக்காரர்கள் சர்க்கரை கொடுத்துவிட்டுக் கிளம்பிய பிறகும் வலிப்பு வரலாம். ஆகவே, அதற்கப்புறமும் 24 மணி நேரம் அந்த உப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும்.