மாறியது சட்டையா, நாடா?

பால்மரத்து வெட்டில் முந்தின நாள் வடிந்த பால் உறைந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். விடிகாலையில் புது வெட்டுப் போடுமுன் அதை உரித்தெடுக்க வேண்டும். ஒட்டுப்பால் என்று பெயர். எடைக்குப் போக வேண்டிய அந்த ஒட்டுப்பாலில் கொஞ்சம், கணக்கெழுதும் கிராணி கண்ணில் படாமல் பையன்கள் கைக்குப் போய்விடும். நூல்கண்டு போல இறுக்கிச் சுற்றினால் பந்து தயார். நாற்றம் இரண்டு நாளைக்குக் கையைவிட்டுப் போகாது. தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அதை உதைத்துப் பழகியவனுக்குத் தோல் பந்து பரம சாது.

இப்படிப்பட்ட ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்தான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ். லின்சம் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. ரந்தாவில் 1935இல் பிறந்தவர் அப்துல் கனி மின்ஹாட். ‘ராஜா போலா’, அதாவது பந்தின் அரசன் என்று நாடே கொண்டாடிய முன்னணி ஆட்டக்காரர். அவர் இரண்டு தேசிய அணிகளுக்கு ஆடினார். அதற்காகக் கப்பல் ஏறவில்லை, குடியுரிமை மாற்றவில்லை. அது எப்படி என்று சொல்லுமுன், இந்த இரட்டைச் சட்டைப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்த்துவிடலாம்.

தொடக்கமே கொஞ்சம் வேடிக்கைதான். 1870இல் லண்டனில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் மோதவிட சி. டபிள்யூ. ஆல்காக் என்பவர் ஏற்பாடு செய்தார். ஆட்டக்காரர்கள் வேண்டுமென்று ஸ்காட்லாந்துப் பத்திரிகைக்கும் எழுதிப் பார்த்தார். வரவேற்பு இல்லை. கடைசியில் லண்டனில் கிடைத்தவர்களை வைத்தே ‘ஸ்காட்லாந்து’ தயாரானது. பிரதமர் கிளாட்ஸ்டனின் மகனும் அதில் ஒருவர். வேட்டைக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போய்வந்தவரெல்லாம் ஸ்காட்லாந்துக்காரரா என்று அன்றைக்கே கிண்டல் உண்டு. நான்கே ஆண்டில் அடுத்த கட்டம். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த ஜான் ஹாலி எட்வர்ட்ஸ் 1874இல் இங்கிலாந்துக்கு ஆடினார். 1876இல் வேல்ஸ் தன் முதல் சர்வதேச ஆட்டத்துக்கு ஆள் திரட்டியபோது அதிலும் இறங்கினார். இவரும் முன்னணி ஆட்டக்காரர்தான். இரண்டு நாட்டுச் சட்டை போடும் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இவரே.

பிறகு இதில் வியாபாரம் நுழைந்தது. பிழைப்புக்காக அர்ஜென்டினா போன இத்தாலியர்களின் பிள்ளைகளை, ‘நம்ம ரத்தம்’ என்று சொல்லி இத்தாலியக் கிளப்புகள் திரும்ப அழைத்தன. 1928 ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்கு ஆடிய ரைமுண்டோ ஓர்சியை யுவென்டஸ் பிடித்துக்கொண்டது. 1934 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவர் இத்தாலிக்காகக் கோல் அடித்தார். அதே அணியில் லூயிஸ் மோன்டி. 1930 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றவர், நான்கு ஆண்டு கழித்து இத்தாலிக்கு ஆடி வென்றார்.

ஸ்பெயின் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அர்ஜென்டினாவுக்கு 6 ஆட்டத்தில் 6 கோல் அடித்த டி ஸ்டெஃபானோ, 1957 முதல் ஸ்பெயினுக்காக 31 ஆட்டத்தில் 23 கோல் அடித்தார். 1956இல் ஹங்கேரி எழுச்சி நசுக்கப்பட்டபோது வெளிநாட்டில் இருந்த புஸ்காஸ் ஊர் திரும்பவில்லை. ஹங்கேரிக்கு 85 ஆட்டத்தில் 84 கோல் அடித்த அந்த மனிதர், ஸ்பெயினுக்கு ஆடிய 4 ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்கவில்லை. 1962 உலகக் கிண்ணத்துக்குப் பிறகு ஃபிஃபா இந்த இரட்டைச் சட்டை விதியை இறுக்கியது.

அந்த 1962இல்தான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியும் நடந்தது. காற்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம். கனி மின்ஹாட் ஆடிய மலாயாவுக்கு வெண்கலம். இரண்டு அணியும் நேருக்கு நேர் மோதவில்லை. மோதியிருந்தால், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்டத்து லயங்களில் எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார்கள்? அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா பிறந்தது. கனி அதே புல்தரையில், அதே காலால் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். அணியின் பெயர் மட்டும் மலாயாவிலிருந்து மலேசியாவாக மாறிவிட்டது. எட்வர்ட்ஸ் எல்லையைத் தாண்டினார், ஓர்சி கடலைத் தாண்டினார். ரந்தாவ்காரரை நாடே வந்து தாண்டிப் போனது.

அவர் சிலாங்கூருக்காக ஆடிய மலாயா கிண்ணத்துக்கும் இதே கதி. பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பல் கட்ட, நெகிரி செம்பிலானும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்கள் பணம் கொடுத்தன. ஈயமும் ரப்பரும் கொழித்த காலம் அது. ‘மலாயா’ என்ற அந்தக் கப்பல் 1921இல் இந்தப் பக்கம் வந்தபோது, கப்பல்காரர்கள் நன்றிக்குக் கொடுத்ததுதான் இந்தக் கிண்ணம். பால் வெட்டியவர்களின் வியர்வை இதில் எத்தனை பங்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை. 1967இல் இது மலேசியா கிண்ணம் ஆனது.

கிண்ணத்துக்கும் கனிக்கும் நாட்டின் பெயர் மாறியது தலைவலி தரவில்லை. தோட்டத்தில் அப்படியில்லை. பெரட்டுக் களத்தில் தினமும் பெயர் கூப்பிடப்பட்டவர்கள் பலருக்கு, அந்தப் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு ஏது பிறப்புப் பத்திரம்? 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டித் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். தங்கியவர்களில் பலர், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு கிழவர்களானார்கள்.

ஃபிஃபாவோ 2004க்குப் பிறகு விதியைத் திரும்பவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியது. தாத்தா, பாட்டி பிறந்த நாடு என்றாலும் சட்டை கிடைக்கும். ஆசியா முழுக்க வேர் தேடும் படலம் தொடங்கியது. இந்தோனேசியா நெதர்லாந்தில் தேடியது. மலேசியாவும் வெளிநாட்டில் தேடியது. 2025 ஜூனில் மலேசியா வியட்நாமை 4–0 என்று வென்றது. முதல் இரண்டு கோலும் அப்படி வந்த முன்னணி ஆட்டக்காரர்கள் அடித்தவை. செப்டம்பரில் ஃபிஃபா தீர்ப்புச் சொன்னது: ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி பிறப்புப் பத்திரங்கள் திருத்தப்பட்டவை, அசல் பதிவுகள் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்தில் இருக்கின்றன. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை; மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். தொழில்நுட்பப் பிழை என்றது சங்கம். நவம்பரில் ஃபிஃபா மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது.

ஃபிஃபா கடல் கடந்து நான்கு நாட்டில் அந்தப் பதிவுகளைத் தேடி எடுத்துவிட்டது. ஆனால் நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தன் பாட்டி அங்கேதான் பிறந்தாள் என்று ஒருவர் சொன்னால், காட்டுவதற்கு லயமும் இல்லை, செக்ரோலும் இல்லை.