சில மணி நேர ஆபரேஷனிலேயே படுக்கைப் புண் வருமா? தடுப்பது எப்படி?

மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத்தான் படுக்கைப் புண் வரும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சில மணி நேரம் நீடிக்கும் ஆபரேஷனே அதற்குப் போதும். இடுப்பு எலும்பு முறிவு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், இந்தப் புண்ணால் வீடு திரும்புவது தள்ளிப்போகும் முதியவர்கள் உண்டு.

ஏன் வருகிறது?

தூக்கத்தில்கூட நாம் அறியாமலே புரண்டு படுக்கிறோம். மயக்க மருந்து கொடுத்த பிறகு புரளவும் முடியாது, வலியும் தெரியாது. எலும்புக்கும் மேசைக்கும் நடுவே அழுந்தும் தோலிலும் தசையிலும் ரத்த ஓட்டம் குறைகிறது. பாதிப்பு உள்ளே தொடங்குவதால், வெளியே தெரிய 2, 3 நாள்கூட ஆகலாம். அதனால் ஆபரேஷன் மேசையில் தொடங்கிய புண், வார்டில் வந்தது போலத் தோன்றும்.

மல்லாந்து படுத்தால் முதுகின் அடிப்பகுதி, குதிகால், பின்மண்டை ஆகிய இடங்களில் கவனம் தேவை. முதுகுத்தண்டு ஆபரேஷனில் குப்புறப் படுக்க வைப்பதால் நெற்றி, தாடை, மார்பு, முழங்காலில் அழுத்தம் விழும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், மிகவும் மெலிந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சத்துக் குறைவானவர்கள். ஆபரேஷன் 3 மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் கவனம் வேண்டும். 'பிரேடன் ஸ்கேல்' என்ற அளவுகோலில் நர்ஸ்கள் 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவார்கள். 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து உண்டு என்று அர்த்தம்.

தியேட்டரில் என்ன செய்வார்கள்?

மேசையில் ஜெல் அல்லது ஃபோம் மெத்தை போடுவார்கள். கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி தலையணை வைத்து, குதிகால் மேசையில் படாமல் தூக்கி வைப்பார்கள். நோயாளியை இழுக்காமல் தூக்கி மாற்றுவதும், கிருமிநாசினி திரவம் உடலுக்கு அடியில் தேங்காமல் பார்ப்பதும் முக்கியம்.

வார்டில் குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

* தினமும் தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது புண்ணின் முதல் கட்டம்; உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.
* மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சூடு, கெட்டித்தன்மை, வலி, ஊதா நிறம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.
* பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். இடுப்பு, முதுகு ஆபரேஷன் என்றால் எந்தப் பக்கம் திருப்பலாம் என்று டாக்டரைக் கேட்ட பிறகே திருப்புங்கள்.
* டயப்பர் ஈரமானால் உடனே மாற்றுங்கள்.
* டாக்டர் அனுமதித்தால் முட்டை, மீன், பருப்பு, பால் என புரதம் சேருங்கள்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

சிவந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம். அது சுற்றியுள்ள தோலை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் சரியல்ல. "ஏர் பெட் வாங்கிட்டோமே, இனி எதுக்குத் திருப்பணும்?" என்று விட்டுவிடாதீர்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பிப் படுக்க வைத்தே ஆக வேண்டும்.

தோல் உரிந்தாலோ, கறுத்தாலோ, சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே, "எவ்வளவு நேரம் ஆகும்? எப்படிப் படுக்க வைப்பீர்கள்?" என்று கேட்டு வைத்துக்கொண்டால், பிறகு எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.