ஹுவாங்லியன்: ஒரு மூலிகையும் ஒரு தடையும்

மரபு மருத்துவம் பற்றிய உரையாடல் நம்மிடையே பெரும்பாலும் இரு துருவங்களில் நிகழ்கிறது. முன்னோர் கொடுத்தவை யாவும் தீங்கற்றவை என்பது ஒன்று. அவை யாவும் ஐயத்திற்குரியவை என்பது மற்றொன்று. இவ்விரு நிலைகளும் போதா என்பதைச் சிங்கப்பூரில் ஹுவாங்லியன் என்னும் சீன மூலிகைக்கு நேர்ந்த வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஹுவாங்லியன் என்பது மஞ்சள் நிறமும் கடுங்கசப்பும் உடைய வேர்த்தண்டு. சீனரின் தொன்மையான மூலிகை நூலாகிய ‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’ இதனை மேல்நிலை மருந்துகளுள் ஒன்றாக வைத்துள்ளது. உடற்சூட்டைத் தணிக்கவும் வயிற்றுப்போக்கை நிறுத்தவும் இது பயன்பட்டது. கசப்பும் குளிர்ச்சியும் மிக்க இம்மருந்து செரிமானத்தைக் கெடுக்கும் என்பதால், உடல் நலிந்தோர் இதனை நெடுநாள் உண்ணலாகாது என்று மரபே எச்சரித்தது. ஆயினும், பிறந்த குழந்தையின் உடலில் கருவிலிருந்து வந்த ‘நச்சுச்சூடு’ தங்கியுள்ளது எனக் கருதி, அதனை அகற்ற இம்மூலிகைச் சாற்றைப் புகட்டும் வழக்கமும் நிலவியது. புலம்பெயர்ந்த சீனர்களோடு அவ்வழக்கம் சிங்கப்பூருக்கும் வந்தது.

1950களிலும் 1960களிலும் கடும் மஞ்சட்காமாலை இங்குப் பல பச்சிளங்குழந்தைகளின் உயிரைப் பறித்தது. பிழைத்தவருள் சிலர் மூளைப் பாதிப்புக்கு ஆளாயினர். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இவ்விடர் மிகுதி என்பதைக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹாக் பூன் முதலியோரின் ஆய்வுகள் உணர்த்தின. சில மூலிகைகளும் துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையும் ஐயத்திற்கு உள்ளாயின. 1965இல் பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாட்டைக் கண்டறியும் சோதனை தொடங்கியது. 1978இல் பெர்பெரின் என்னும் வேதிப்பொருள் அடங்கிய ஹுவாங்லியன் முதலிய மூலிகைகள் தடைசெய்யப்பட்டன.

காமாலையால் நேர்ந்த மூளைப் பாதிப்பு பின்னர் அரிதாயிற்று. எனினும் அவ்வெற்றி முழுவதையும் தடைக்கே உரியதாக்குவது வரலாற்று நோக்கில் பொருந்தாது. பிறப்புச் சோதனை, மருத்துவமனைக் கண்காணிப்பு, ஒளிச்சிகிச்சை ஆகியனவும் அதே காலப்பகுதியில் பரவின. பெர்பெரின், இரத்தப் புரதத்தோடு பிணைந்துள்ள பித்த நிறமியை விடுவிக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆயினும், மூலிகையின் பங்கு எவ்வளவு என்னும் வாதம் தொடர்ந்தது. மறுஆய்வுக்குப்பின் 2013 முதல் தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. தடை நீங்கினும் பச்சிளங்குழந்தைகளுக்கும் ஜி6பிடி குறைபாடு உடையோருக்குமான எச்சரிக்கை நீங்கவில்லை.

இவ்வரலாறு சீனர்க்கு மட்டும் உரியதன்று. நம் சித்த மருத்துவம் போற்றும் மரமஞ்சளிலும் பெர்பெரின் உண்டு. பச்சிளங்குழந்தைக்கு உரைமருந்து புகட்டும் வழக்கமும் நம் இல்லங்களில் உண்டு. ஒரு மூலிகை நல்லதா, தீயதா என்று வினவுவதினும், அது எந்த உடலுக்கு, எந்த வயதில், எவ்வளவு என்று வினவுவதே தக்கது. பெரியவருக்கு மருந்தாவது மூன்று நாள் குழந்தைக்கு நஞ்சாகலாம். மரபின் மீதுள்ள மதிப்பு இவ்வினாவைத் தடுக்க வேண்டியதில்லை. மரபைக் காப்பதும் இவ்வினாவே ஆகும்.