சிவப்பு வைனும் முந்திரிகைத் தோலும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விருந்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்றுண்டு: "சிவப்பு வைன் இருதயத்துக்கு நல்லது." சாராயத்தைத் தொடாதவர்களும் இதை மருந்தென எண்ணி அருந்துவதைக் கண்டிருக்கிறேன். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

1991 நவம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளமாக உண்ணும் பிரெஞ்சுக்காரரிடையே மாரடைப்பு குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டது. சிவப்பு வைன் காரணமாகலாம் என்றார் ஆய்வாளர் செர்ஜ் ரெனோ. மறு ஆண்டே வைனில் ரெஸ்வெரட்ரோல் என்ற பொருள் இருப்பதாக ஆய்வொன்று அறிவித்தது. பூஞ்சணத்திடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முந்திரிகைக் கொடி உண்டாக்கும் பொருள் அது. (யாழ்ப்பாணத்து முதியவர்களுக்குத் திராட்சை இன்றும் முந்திரிகைதான்.) பழத்தின் தோலில் அது மிகுதி. தோலுடன் புளிக்க வைப்பதால் சிவப்பு வைனில் சேர்கிறது.

இக்கதையில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. உலர்ந்த திராட்சையைக் காய்ச்சிப் புளிக்க வைத்து ஆயுர்வேத வைத்தியர்கள் தயாரிக்கும் திராட்சாசவத்திலும் இதே பொருள் இருப்பதாக 1999இல் ஆய்வுக் கட்டுரையொன்று வெளிவந்தது. முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் எனப் பெருமைப்படத் தோன்றும். ஆனால் ஒரு பொருள் இருப்பது வேறு. அது நோயைத் தடுப்பது வேறு.

2006இல் கொழுப்புணவு உண்ட எலிகள் ரெஸ்வெரட்ரோலால் கூடுதல் காலம் வாழ்ந்தன என்ற செய்தி உலகைச் சுற்றியது. அவற்றுக்குக் கொடுத்தது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம். ஒரு லீற்றர் வைனில் இருப்பதோ பெரும்பாலும் சில மில்லிகிராம் மட்டுமே. எடைக் கணக்கில் அதே அளவைப் பெற மனிதன் நாள்தோறும் நூறு லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும்!

2008இல் கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனம் 72 கோடி டொலர் கொடுத்து, இத்துறையில் ஈடுபட்ட சேர்ட்ரிஸ் நிறுவனத்தை வாங்கியது. 2010இல் அதன் ரெஸ்வெரட்ரோல் மருந்தைக் கைவிட்டது. 2012இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம், தனது ஆய்வாளர் ஒருவர் 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தோ திரித்தோ இருந்தார் என அறிவித்தது. அவர் அதனை மறுத்தார். 2014இல் வெளியான ஆய்வொன்று, இத்தாலியின் கியாந்தி வட்டாரத்தில் 783 முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. உணவின் வழியே இப்பொருளை மிகுதியாகப் பெற்றோர் மற்றவரைவிட நீண்டகாலம் வாழவில்லை.

ஆரம்பக் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருந்தது. குடிக்காதோர் என எண்ணப்பட்டவர்களில், நோயுற்றதால் குடியை நிறுத்தியவர்களும் இருந்தனர். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியமானவராகத் தெரிவதில் வியப்பில்லை.

மதுபானம் புற்றுநோய்க் காரணி என்று 1988இலேயே வகைப்படுத்தப்பட்டுவிட்டது. பாதுகாப்பான அளவு என ஒன்றில்லை என 2023இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பிரிவு கூறியது. முந்திரிகைப் பழத்தைத் தோலோடு உண்பதற்கு எவரும் தடை சொல்லப் போவதில்லை. ஆனால் பழத்தின் பெயரைச் சொல்லிப் போத்தலைத் திறப்பவர், அதை மருந்தென்று சொல்லாதிருப்பதே நேர்மை.