பேராசிரியரின் தலைவலி

மாலையில் அந்தப் பேராசிரியர் வாக்கிங் கிளம்பினால், தெருக்காரர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வார்களாம்! தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட் பற்றி இப்படி ஒரு கதை உண்டு. பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்று ரஷ்யாவின் காலினின்கிராட்) பிறந்து, அங்கேயே பாடம் நடத்தி, அங்கேயே மறைந்தவர். மனித அறிவால் எதைத் தெரிந்துகொள்ள முடியும், எதை முடியாது என்று எல்லை வகுத்த மூளை அது. கடைசியில் தனக்கு என்ன ஆகிறது என்பதே அந்த மூளைக்குத் தெரியாமல் போயிற்று.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு மெதுவாக ஆரம்பித்தது. சொன்ன கதையையே ஒரே நாளில் திரும்பவும் சொன்னார். அது அவருக்கே உறைத்தது. பேச வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதங்களில் குறித்துக்கொண்டார். தான் கிழவனாகிவிட்டதால் குழந்தையைப் போல நடத்தும்படி 1799-ல் நண்பர்களிடம் அவரே கேட்டுக்கொண்டதும் உண்டு. ஆக, பாதி தெரிந்திருந்தது!

மீதிப் பாதி? தலைக்குள் ஏதோ அழுத்துகிறது, முன்போல யோசிக்க முடியவில்லை. காரணம் காற்றில் பரவியிருக்கும் ஒருவித மின்சாரம் என்றார் கான்ட். ஆதாரமும் வைத்திருந்தார். அந்தச் சமயம் வியன்னா, பேஸல், கோபன்ஹேகன் நகரங்களில் பூனைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பூனை மின்சாரம் நிறைந்த பிராணியாயிற்றே! மேகங்களின் வடிவம்கூட அவருக்குச் சாட்சி சொன்னது. கவனியுங்கள், வாதம் செய்யும் திறமை போய்விடவில்லை. 'கோளாறு என் மூளையில்' என்ற ஒரே ஒரு தகவல்தான் அதற்குள் நுழைய மறுத்தது.

இதற்கு அப்போது பெயர் கிடையாது. 1914-ல் பாரிஸ் டாக்டர் ஜோசஃப் பாபின்ஸ்கி 'அனோசோக்னோசியா' என்று பெயர் வைத்தார். கிரேக்க வேர்களின்படி, 'நோயை அறியாமை'. அவர் பார்த்தது இடது பக்கம் செயலிழந்தும் அதை அறியாத நோயாளிகளை. மறதி நோயிலும் இது சகஜம் என்று பின்னால் தெரிந்தது. தன் நிலைமையைத் தானே எடைபோட வேண்டிய மூளைப் பகுதியே பழுதாகிவிடுகிறது. வீம்பு வேறு, இது வேறு!

வீட்டில் இருப்பவர்களுக்கு இது எப்படிப் புரியும்? நோயே இல்லை என்பவர் டாக்டரிடம் வர மாட்டார். மாத்திரையைத் துப்புவார். சாவியை எங்கோ வைத்துவிட்டு, மருமகள் எடுத்துவிட்டாள் என்பார். ஊரிலிருந்து வரும் சித்தப்பாவிடம் மட்டும் அரைமணி நேரம் ஜம்மென்று பேசுவார். அவரும் கிளம்பும்போது, "அண்ணன் நல்லாத்தானே இருக்காரு... நீதான் பெருசு பண்றே" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போவார். இரவெல்லாம் தூங்காத அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

கான்ட்டுக்கு மனைவி, குழந்தை கிடையாது. பாரம் முழுவதும் வாஸியான்ஸ்கி என்ற பாதிரியார் தலையில் விழுந்தது. பழைய மாணவர். 1801-ல் பண விவகாரமெல்லாம் அவர் கைக்கு வந்தது. சுமார் நாற்பது வருடம் கூட இருந்த வேலைக்காரர் லாம்ப்பே, எஜமானரின் மறதியைப் பயன்படுத்திக் காசு கறக்க ஆரம்பித்திருந்தார். 1802-ல் அவரை அனுப்பியாயிற்று. ஆனால், கான்ட் வாயில் புது ஆளும் லாம்ப்பேதான்! அந்தப் பெயரை அடியோடு மறக்க வேண்டும் என்று தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார் மேதை. மறப்பதற்கு ஒரு ஞாபகக் குறிப்பு!

வாஸியான்ஸ்கி என்ன செய்தார் தெரியுமா? வாதாடவில்லை. மின்சாரக் கதையை நண்பர்கள் யாரும் மறுக்கவில்லை. வானிலை மாறினால் தலைவலியும் போகும் என்று கிழவர் நம்பினார், அந்த ஆறுதலை ஏன் கெடுக்க வேண்டும்? காபி என்று கேட்டுவிட்டால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க மாட்டார் கான்ட். அதனால் பொடி அரைத்து, வெந்நீர் கொதித்தபடி முன்கூட்டியே தயாராக இருக்கும். கேட்டதும் போட வேண்டியதுதான். அதுவும் தாமதம் என்பார்! வெளிநாடு போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, 'முடியாது' என்று சொல்லவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சிறு வீட்டுக்கு வண்டியில் அழைத்துப் போனார். போய்ச் சேர்ந்து காபி குடித்ததுமே, வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவசரப்படுத்தினார் பெரியவர்.

கடைசி மாதங்களில் கான்ட்டின் தங்கை வந்து கூட இருந்தார். ஒரே ஊரில் இருந்தும் இருபத்தைந்து வருடமாக அண்ணன் பார்க்காத தங்கை! நாற்காலிக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருப்பார். 1804 பிப்ரவரி 12-ல் கான்ட் கண்ணை மூடினார். அதே வருடம் வாஸியான்ஸ்கி புத்தகம் எழுதினார். காபி, பூனை, நோட்டு எல்லாம் நமக்குத் தெரிய வந்தது அவர் தயவில்தான்.