அசோகர் தலைமையில் சோழப் படை!

கணினி விளையாட்டைப் பற்றியெல்லாம் எழுதுவேன் என்று நினைக்கவில்லை மக்களே. எழுத வைத்தவன் என் பையன்.

சிவிலைசேஷன் எனக்குப் பழைய சிநேகம். 1991-ல் வந்த முதல் விளையாட்டிலேயே இந்தியா உண்டு, தலைவர் காந்தி. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டால் கற்காலத்திலிருந்து ராக்கெட் வரை அதே நாடுதான். அந்தச் சுகமே தனி.

2025 பிப்ரவரியில் ஏழாவது வந்தது. 'இந்தியா' என்று மொத்தமாகப் போடாமல் சோழரைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள் என்றதும் கை பரபரத்தது. வாங்கிவிட்டேன். சோழருக்குக் கலம் என்றே பெயரிட்ட கப்பல், தஞ்சைப் பெரிய கோயில், அட, அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கூட! சேர்ந்தாற்போல் கட்டினால் ஐந்நூற்றுவர் வணிகக் குழு. சுமத்ராவில் 1088-ல் தமிழில் கல்வெட்டு வெட்டிவைத்துவிட்டு வந்த அதே ஐந்நூற்றுவர்தான். இங்கே என் பையனின் பாடப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காத பெயர்கள். யாரோ உட்கார்ந்து ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் விதியை மாற்றிவிட்டார்களே! விளையாட்டை மூன்று யுகமாகப் பிரித்து, ஒவ்வொரு யுகம் முடியும்போதும் நாட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று வைத்தார்கள். தலைவர் மட்டும் மாறமாட்டார். வெளியானபோது இந்தியாவுக்கு இருந்த வரிசை: மௌரியர், பிறகு சோழர், பிறகு முகலாயர். தலைவர் பட்டியலில் ராஜராஜனும் இல்லை, ராஜேந்திரனும் இல்லை. ஆக, அசோகர் தலைமையில் கலம் கடலில் இறங்குகிறது. (ராஜேந்திரன் 1025-ல் ஸ்ரீவிஜயத்துக்குப் படை அனுப்பியதெல்லாம் யார் கணக்கில் போகுமோ!)

பையன் கேட்டான்: "அப்பா, நாம முதல்ல மௌரியரா இருந்துதான் சோழரா ஆனோமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரை விட்டு வந்து வளரும் பிள்ளைக்கு யார் சொல்கிறார்களோ அதுதானே சரித்திரம்?

இதற்கு நான் பதில் சொல்லவேண்டியதில்லை, அசோகரே சொல்லியிருக்கிறார். குஜராத்தில் கிர்நார் மலையடியில் பாறையில் இருக்கிறது அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும்போது, தன் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கூடவே சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சோழர் அவருடைய அண்டை வீட்டுக்காரர்கள், வாரிசுகள் இல்லை.

மறுமுனையும் இடிக்கிறது. சோழராட்சி 1279 வாக்கில் மூன்றாம் ராஜேந்திரனோடு முடிந்தது. முகலாயப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது 1698-ல். நடுவில் நானூறு வருஷம்! பாண்டியர், விஜயநகரம், மதுரை, தஞ்சை நாயக்கர்கள், தஞ்சை மராத்தியர்... இவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

விளையாட்டுதானே என்பீர்கள். பழைய விளையாட்டில் காந்தி அணுகுண்டு போட்டபோது சிரித்தோம், அதை எந்தக் குழந்தையும் நம்பவில்லை. இந்த வரிசையோ நம்பும்படியாக இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சாசனத்தின் படத்தைக் காட்டி, தெரிந்த அளவுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அசோகருக்குப் பக்கத்து நாடா, சோழரா, முதல்லேர்ந்து ஆடலாமாப்பா?"

வெளியானபோது அது முடியவில்லைடா கண்ணா. அப்போது முதல் யுகத்தில் சோழரை வைத்திருக்கவே இல்லை.